பட்டியலில் அடித்த பெயர்

கெல்ஸோ கோட்டை, நெப்ராஸ்கா
1870 நவம்பர் 21, திங்கட்கிழமை

அன்புத் தம்பி லெமுவெலுக்கு,

கர்த்தர் உன்னையும் மார்த்தாவையும் பிள்ளைகளையும் குளிருக்கும் காய்ச்சலுக்கும் விலக்கிக் காக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அக்கா கெசியா எழுதுவது.

சென்ற மாதம் இருபத்தேழாம் தேதி வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் முன்னறையில் இருந்தவர்கள் ஆறு பேர். புதிதாக மாற்றலாகி வந்த மேஜர் கார்வர், அவர் மனைவி அடிலெய்ட், சாவிக் கொத்தோடு வந்த லெப்டினன்ட் பேஜ், எங்கள் கம்பெனியின் சார்ஜென்ட் டூகன், உன் அத்தான், நான். ஐந்து வருடமாகக் கடிதம் போடாதவள் எடுத்த எடுப்பில் ஆள் பட்டியல் வாசிக்கிறாளே என்று நினைப்பாய். எனக்கு எதையும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கத் தெரியும். நடுவிலிருந்து தொடங்கினால் அழுதுவிடுவேன், தாள் வீணாகும்.

நீ யுத்த காலத்தில் மட்டும் பட்டாளத்தில் இருந்தவன், கூடாரத்திலேயே காலம் போயிற்று. கோட்டை வாழ்க்கையில் ஒரு வழக்கம் உண்டு, அது உனக்குத் தெரிந்திருக்காது. பதவியில் மூத்த ஒருவர் மாற்றலாகி வந்தால், தனக்கு இளையவர்கள் இருக்கும் எந்த வீட்டையும் அவர் கேட்கலாம். அவர்கள் காலி செய்து தர வேண்டும். காலி செய்தவர் தமக்கு இளையவரை எழுப்பலாம், அவர் அவருக்கும் இளையவரை. வரிசையாய் நிறுத்திய செங்கல்லில் முதல் கல்லைத் தள்ளினால் கடைசிக் கல் வரைக்கும் விழுமே, அந்த மாதிரி. இதில் கோபதாபம் கிடையாது. நாங்களே நாலு கோட்டைகளில் நாலு குடும்பங்களை எழுப்பியிருக்கிறோம். அந்தப் பெண்களின் முகங்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாய் நினைவுக்கு வருகின்றன.

மேஜர் கார்வரை உனக்கு நினைவிருக்கும். டோலன் பாலச் சண்டையில் நம் படையில் கேப்டனாக இருந்தவர், மெலிந்த உடம்பு, சிவந்த மீசை. அன்று உன் அத்தான் ஒன்பதாயிரம் பேருக்கு ஜெனரல். யுத்தம் முடிந்து, அதற்காகவே சேர்த்த தொண்டர் படையைக் கலைத்தபோது நிரந்தரப் பட்டாளத்தில் உன் அத்தானுக்குக் கிடைத்தது அவர் பழைய கேப்டன் பதவிதான். அவருடைய தோள் நட்சத்திரங்களைக் கத்தரிக்கோலால் பிரித்தவள் நான். எல்லோரும் மரியாதைக்கு இன்னமும் ‘ஜெனரல்’ என்றே கூப்பிடுகிறார்கள். ஆனால் அவர் கையில் இருப்பது ஐம்பத்து மூன்று சிப்பாய்கள் உள்ள ஒரு கம்பெனி. கார்வருக்கு எங்கோ செல்வாக்கு இருந்தது, மேஜராகிவிட்டார். நல்ல மனிதர். அதனால்தான் எனக்குக் கஷ்டம். கெட்டவராக இருந்தால் திட்டியாவது ஆறியிருப்பேன்.

வாசலில் நின்றபடியே அவர், “ஜெனரல், உங்க வீட்டைக் கேக்க எனக்கு வாய் வரல” என்றார். உன் அத்தான் சிரித்தார். “வாய் வரலன்னா விரலால காட்டுப்பா. மூணாம் நம்பர் வீடு, ஓட்டை இல்லாத ஒரே கூரை. நான் உன் இடத்துல இருந்தா இந்நேரம் படுக்கைய விரிச்சிருப்பேன்” என்றார். அடிலெய்ட் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டு என் அடுப்பையே பார்த்தாள். டூகன் மட்டும் என்னைப் பார்த்தான். அவன் முகம் சாம்பலாகிவிட்டது.

ஏன் என்று சொல்ல வேண்டும். இதுவரை எழுத்தில் யாருக்கும் சொன்னதில்லை.

உன் அத்தானுக்குக் கண் தெரிவதில்லை, லெமுவெல். வலது கண் போய் நாலு வருடம். இடது கண்ணில், ஈரத் துணிக்கு அப்பால் விளக்கு எரிவது போல வெளிச்சம் மட்டும் தெரியும். இது தெரிந்தவர்கள் நான், டூகன், சலவை வேலை செய்யும் டூகனின் மனைவி நோரா. அந்த வீட்டில் ரொம்ப காலமா இருந்தோம் என்று நினைப்பாய். இல்லை, மூன்று வருடம்தான். ஆனால் அந்த மூன்று வருடத்தில் நான் அந்த வீட்டை அவர் காலுக்குப் பாடமாக்கி வைத்திருந்தேன். நாற்காலியிலிருந்து கதவுக்கு ஏழு அடி. படி மூன்று. வாசலிலிருந்து அவர் கம்பெனி அணிவகுக்கும் இடத்துக்கு நேர்கோட்டில் எண்பத்து நான்கு. அவர் நடந்து போவதைப் பார்த்தால் வாஷிங்டனிலிருந்து வந்த பெரிய அதிகாரிகூட ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. மைதானத்தில் டூகன் அரை அடி முன்னால் நின்று, பூட்ஸைத் தரையில் தட்டி இடம் காட்டுவான்.

கம்பெனியின் காலை அறிக்கை, ஆள் பட்டியல், துணிமணிப் பதிவு எல்லாம் இரண்டு வருடமாக நான் எழுதுபவை. ஒப்பம் மட்டும் அவர் இடுவார், அவர் விரலைப் பிடித்து இடத்தில் வைப்பேன். கல்யாணமானபோது எனக்கு என் பெயர் எழுதத் தெரியாது, உனக்கே தெரியும். சங்கீதப் புத்தகத்தையும் அவருடைய பயிற்சிப் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். “கர்த்தர் என் மேய்ப்பர்” என்பதற்கும் “இடப்பக்கம் திரும்பு” என்பதற்கும் ஒரே வாரத்தில் அர்த்தம் தெரிந்தது. இதற்காகத்தான் கர்த்தர் படிப்பித்தாரோ என்று சில நாள் நினைப்பேன். சில நாள், இது பொய்தானே, இதற்கு அவர் எப்படிப் படிப்பிப்பார் என்று நினைப்பேன்.

சரி. வீட்டை விட்டாயிற்று. எங்களுக்கு அடுத்த இளையவர் பேஜ். அவர் வீடு எங்கள் வீட்டுக்கு ஒட்டினாற்போல் நான்காம் நம்பர். அதை எடுத்திருந்தால் பன்னிரண்டு அடியைக் கூட்டிக்கொண்டால் போதும், எல்லாம் பழையபடி நடந்திருக்கும். நான் வாயைத் திறப்பதற்குள் உன் அத்தான் சொல்லிவிட்டார்: “பேஜோட பொண்டாட்டி நிறைமாசம். அவள விதியைக் காட்டித் தெருவுல நிறுத்த மாட்டேன். செங்கல் என்னோட நிக்கட்டும்.” பேஜ் சாவிக் கொத்தைக் கீழே போட்டு எடுத்தார். இளம் பிள்ளை, கண் கலங்கியதை மறைக்கத்தான்.

நான் என்ன சொல்ல முடியும்? வேண்டாம், பிள்ளைத்தாய்ச்சியை எழுப்புங்கள் என்று சொல்லவா? ஏன் என்று கேட்டால் காரணம் சொல்லவா? காபி போடப் போனேன்.

ஓடைக்கு அந்தப் பக்கம், லாயத்துக்குப் பின்னால், இரண்டு அறை மரவீடு ஒன்று சும்மா கிடந்தது. நவம்பர் முதல் தேதி அங்கே போனோம். அங்கிருந்து மைதானத்துக்கு நேர்வழி கிடையாது. லாயத்தைச் சுற்றி, ஓடையின் மேல் போட்ட பலகையைத் தாண்டி, கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கிப் போக வேண்டும். நான் விடிவதற்கு முன்னால் நாலு நாள் நடந்து எண்ணினேன். அவர் அடிக்கு என் அடி ஒன்றே கால். எல்லாம் கூட்டிக் கழித்து இருநூற்றுப் பன்னிரண்டு என்று முடிவு செய்தேன். அவரோடு கைகோர்த்து ஆறு முறை நடந்தேன். “சாயங்காலமா இந்த வயசுல கைகோத்துக்கிட்டு நடக்கறாங்க பாரு” என்று சலவைக்காரப் பெண்கள் சிரித்தார்களாம். நோரா அவர்களிடம், “உங்க புருஷன் உங்க கையப் புடிச்சது கடைசியா எப்பன்னு யோசிங்கடி, அப்புறம் சிரிங்க” என்று சொல்லி வாயடைத்தாளாம்.

நடுவில் ஒரு நல்ல செய்தி. ஆறாம் தேதி பேஜின் மனைவிக்குப் பெண் குழந்தை. நான்தான் கூட இருந்தேன். குழந்தைக்கு எங்கே தன் பெயரை வைத்துவிடுவார்களோ என்று உன் அத்தான் பயந்துகொண்டிருந்தார். பெண் என்றதும், “நல்ல வேளை, தப்பிச்சுது” என்றார்.

பதின்மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு காலையில் ஆயுதச் சோதனை, அதன் பிறகுதான் ஜெபம். முந்தின நாள் முழுக்கப் பனி கொட்டியிருந்தது. டூகன் மூன்று நாளாகக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில். வேண்டாம், உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பலாம் என்றேன். “டூகனும் இல்ல, நானும் இல்லன்னா நம்ம பசங்களுக்கு யாரு இருக்கா?” என்று கிளம்பிவிட்டார்.

நான் எண்ணியது சரி, லெமுவெல். ஆயிரம் முறை யோசித்துப் பார்த்துவிட்டேன், சரிதான். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் விறகு வண்டிக்கு வழி விடக் காவல்காரர்கள் அந்தப் பலகையை எடுத்து ஓடையில் இருபது அடி கிழக்கே போட்டிருக்கிறார்கள். நான் அதைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நாளும் பார்ப்பவள், அன்று ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பலகை இல்லாத இடத்தில் ஒரு சிப்பாய் கை கொடுத்து, “இப்படி வாங்க ஜெனரல்” என்று புதுப் பலகைக்குக் கூட்டிப்போயிருக்கிறான். நல்ல எண்ணத்தோடுதான். அங்கிருந்து உன் அத்தான் மிச்ச அடிகளை எண்ணி நடந்தார்.

போய் நின்றது பி கம்பெனிக்கு முன்னால். பேஜின் கம்பெனி.

இதை எனக்கு நோரா சொன்னாள், பேஜும் சொன்னார், இருவர் சொன்னதும் ஒன்றுதான். பேஜ் ஒரு வார்த்தை பேசாமல் சலாம் வைத்து ஒதுங்கிக்கொண்டார். உன் அத்தான் உத்தரவு கொடுத்தார். அறுபது பேரும் தங்கள் அதிகாரியே சொன்னது போல் துப்பாக்கியைத் தூக்கினார்கள். ஒருவன்கூடச் சிரிக்கவில்லை. அவர் வரிசையில் போய் ஒவ்வொரு துப்பாக்கியாக வாங்கி விரலால் தடவிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். அவர் எப்போதுமே அப்படிப் பார்ப்பவர்தான், விரல் பொய் சொல்லாது என்பார். ஏழாவது ஆளிடம் நின்று, “விசைப் பூட்டுல துரு இருக்கு, எழுதிக்கோ” என்றார். எழுதிக்கொள்ள வேண்டியவர் பி கம்பெனி சார்ஜென்ட் கெஸ்லர். ஜெர்மனிக்காரர், நாக்கில் கல்லை உருட்டுவது போலப் பேசுவார். அவர், “எழுதிக்கிட்டேன் ஜெனரல்” என்றார்.

அந்தக் குரலைக் கேட்டதும் உன் அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. பேஜ் சொல்கிறார், ஒரு மூச்சு விடும் நேரம் அசையாமல் நின்றாராம். பிறகு எட்டாவது ஆளிடம் போனார். அறுபது பேரையும் பார்த்து முடித்தார். நன்றி சொன்னார். தாமாகவே திரும்பி, யார் துணையும் கேட்காமல், அணிவகுத்து நின்ற தம் சொந்தக் கம்பெனியைத் தாண்டி நடந்து வந்தார். இடையில் ஓடைக் கரையில் நோரா கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் வந்து தொப்பியைக் கழற்றி, “கெசியா, பி கம்பெனித் துப்பாக்கிங்க நம்மளதவிட சுத்தம்” என்றார். அவ்வளவுதான்.

மைதானத்தின் மறுபக்கத்தில் மேஜர் கார்வர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. வாஷிங்டனில் பட்டாளத்தைப் பாதியாகக் குறைக்கிறார்கள், பத்திரிகையில் படித்திருப்பாய். தகுதியில்லாத அதிகாரிகளை விலக்க ஒரு வாரியம் போட்டிருக்கிறார்கள். அது டிசம்பர் பதினைந்தாம் தேதி ஓமஹாவில் கூடுகிறது. ஒவ்வொரு கோட்டையிலிருந்தும் பெயர் கேட்டிருக்கிறார்கள். “நான் பார்க்காம இருந்திருந்தா உங்க பேரை எழுதியிருக்க மாட்டேன் ஜெனரல். பார்த்துட்டேன். இருநூறு பேர் பார்த்தாங்க. நாளைக்கு நாம காவல் காக்கற ரயில் பாதையில சண்டை ஒண்ணு வந்துச்சுன்னா, உங்க பசங்க உங்க பின்னாடி வருவாங்க, எங்க போறீங்கன்னு கேக்காம” என்றார். பிறகு, “அந்த வீட்டை நான் எடுக்காம இருந்திருந்தா” என்று தொடங்கினார். உன் அத்தான், “எடுக்காம விட்டிருந்தா நீ என்னய்யா மேஜர்? உக்காரு, கெசியா ஆப்பிள் பணியாரம் பண்ணியிருக்கா” என்றார். ஆறிப்போயிருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள்.

போகும்போது மேஜர் என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொன்னதுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். யுத்தத்தில் பட்ட காயத்தால் கண் போனது என்று நிரூபித்தால் வாரியம் அவரைக் கௌரவமாக ஓய்வுப் பட்டியலில் வைக்கும். அதிகாரிகள் பதிவேட்டில் அவர் பெயர் சாகும்வரை இருக்கும், சாப்பாட்டுக்கும் வழி உண்டு. நிரூபிக்க முடியாவிட்டால் ஒரு வருடச் சம்பளத்தைக் கொடுத்துப் பெயரை எடுத்துவிடுவார்கள். பதினெட்டு வயதில் தோல் பதனிடும் தொட்டியிலிருந்து எழுந்து வந்து சேர்ந்தவர் அவர். முப்பத்தொரு வருடம். மெக்சிகோவில் சார்ஜென்ட் பட்டை, பிறகு பரீட்சை எழுதி அதிகாரி, பதினாலு வருடம் லெப்டினன்ட்டாகவே கிடந்தது, பிறகு யுத்தம், நட்சத்திரங்கள், பிறகு மறுபடி கேப்டன். இவ்வளவும் அந்தப் பதிவேட்டில் ஒரு வரி. அந்த வரியைத் தவிர எங்களுக்குச் சொத்தும் இல்லை, ஊரும் இல்லை, பிள்ளையும் இல்லை.

டோலன் பாலத்தில் வெடித்த குண்டின் கரி மருந்து அவர் முகத்தில் அடித்ததை மேஜர் காதால் கேட்டிருக்கிறார், பார்க்கவில்லை. கண்ணைக் கழுவிய டாக்டர் அடுத்த மாதமே விஷக்காய்ச்சலில் போய்விட்டார். மனைவி சொல்வது சாட்சியாகாது என்கிறார் மேஜர். எத்தனை கொப்புளம், எந்தப் பக்கம், எந்தத் தேதியில் கட்டுப் பிரித்தேன், எல்லாம் என்னிடம் எழுதி இருக்கிறது. நான் எழுதியது கணக்கில் வராது.

கண்ணால் பார்த்து உயிரோடு இருப்பவன் நீ ஒருவன்தான்.

அவருக்கு எழுத்தராக இருந்த நீ அன்று சாயங்காலம் காயம்பட்டவர் பட்டியலை எழுதினாய். அவர் பெயரையும் எழுதினாய். “அடி அதை. செத்தவங்க பேரையே இன்னும் எழுதி முடிக்கல, அதுக்குள்ள என் கண்ணெரிச்சலையா எழுதுற?” என்று அவர் சொன்னார், நீ அடித்தாய். இதை நீயே ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் சொன்னாய். அதற்குப் பக்கத்துத் தாளில், செத்தவர் பட்டியலில், நீ எழுதிய பெயர்களில் நம் தம்பி ஜோயலின் பெயர் எத்தனையாவது என்று உன்னை நான் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன்.

பாலத்தைப் பிடித்து நிற்க ஜோயலின் ரெஜிமென்ட்டை அனுப்பும் உத்தரவை உன் கையாலேயே எழுத வைத்தார் என்பதும் எனக்குத் தெரியும். வேறு ரெஜிமென்ட்டை அனுப்பும்படி நீ கெஞ்சினாய். “உன் தம்பி இருக்கான்னு வேற வீட்டுப் பிள்ளைங்கள அனுப்பவா? அவன் எனக்கும் மச்சான்தான்” என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுப் படியை நீ மிதிக்கவில்லை. நான் குற்றம் சொல்லவில்லை. நான் அவரை மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், அவர் சட்டைக்குப் பொத்தான் தைக்கிறேன், அவர் அடிகளை எண்ணுகிறேன், கர்த்தருடைய ஜெபத்தில் “நாங்கள் மன்னிக்கிறதுபோல” என்ற இடம் வரும்போது தினமும் எனக்கு மூச்சு வாங்குகிறது. மற்றவர்கள் முடித்த பிறகு நான் முடிப்பேன். இதுதான் என் நிலைமை.

உன்னிடம் கேட்கலாம் என்று ஒரே ஒரு முறை அவரிடம் சொன்னேன். “பேரை அடிக்கச் சொன்னவன் நான். இப்ப எழுதச் சொன்னா அன்னைக்குச் சொன்னது வேஷம்னு ஆயிடும். அதோட, லெமுவெல்கிட்ட நான் எடுத்தது போதும், கெசியா. இன்னும் போய் எடுக்காதே” என்றார். முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் சொல்லை நான் மீறியதில்லை.

இப்போது மீறுகிறேன். அவர் மூன்று அடி தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பேனா ஓடும் சத்தத்தைக் கேட்டு, காலை அறிக்கை எழுதுகிறேன் என்று நினைத்து, “ஆஸ்பத்திரியில எத்தனை பேரு?” என்று இப்போதுதான் கேட்டார். ஐந்து என்றேன். உண்மையிலேயே ஐந்துதான். ஆனாலும் அது பொய். எதிரில் உட்கார்ந்து எழுதுகிறேன், தடுக்க அவருக்கு வழியில்லை.

நீ அவரை மன்னிக்க வேண்டும் என்று இந்தக் கடிதம் கேட்கவில்லை. அவருக்கு ஒரு வரி எழுதச் சொல்லவில்லை. பொய் சாட்சியும் வேண்டாம். ஒரு மாஜிஸ்திரேட்டுக்கு முன்னால் சத்தியம் செய்து, 1864 ஜூன் 18 அன்று இன்னது பார்த்தேன், இன்னார் பெயரை எழுதினேன், அவர் சொல்லி அடித்தேன் என்று நாலு வரி. முகவரி மேஜர் கார்வர், கெல்ஸோ கோட்டை. எனக்குக்கூட அனுப்ப வேண்டாம். தபால் உன் ஊரிலிருந்து இங்கே வர எட்டு நாள், பனி விழுந்தால் பதினொன்று. மேஜர் பத்தாம் தேதி ஓமஹாவுக்குக் கிளம்புகிறார்.

எழுத உன் கை வராவிட்டால் அதையும் புரிந்துகொள்வேன். அந்தக் கையால் ஏற்கெனவே என்னென்ன எழுத நேர்ந்தது என்று எனக்குத் தெரியும். அப்போதும் முடியாது என்று ஒரு சொல் எழுதிப் போடு. தபால் வண்டி வரும் நாளெல்லாம் வாசலில் நிற்காமல் இருப்பேன்.

மார்த்தாவுக்கு என் அன்பு. சின்னவளுக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். வெங்காயச் சாற்றில் தேன் கலந்து கொடு. உன் பிள்ளைகள் யாரும் பட்டாளத்துக்குப் போகாமல் முதிர்வயது காண கர்த்தர் கிருபை செய்வாராக. அவர் முகத்தின் வெளிச்சம் உன்மேல் பிரகாசிப்பதாக.

சீக்கிரம் பதில் போடு, தம்பி.

உன் அக்கா,
கெசியா ப்ரூவிட்